வேறு எழுத்தில் நான்கு பக்கங்கள்

பள்ளியில் டீச்சருக்கு வைத்த பெயர் அரைமார்க். முதலில் பிள்ளைகள் வைத்தார்கள், பிறகு உடன் வேலை செய்கிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள், கடைசியில் அது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கும் கணவர், யாராவது போன் செய்து கேட்டால், "அரைமார்க் இன்னும் வரலை, வந்ததும் பேசச் சொல்றேன்" என்பார். டீச்சர் இதற்கெல்லாம் கோபித்துக்கொண்டதில்லை.

"ஒரு மார்க் குடுக்க மனசு வராது, சைபர் போடக் கை வராது. நடுவுல ஒண்ணு இருக்கறப்போ அதை ஏன் விடணும்?" என்பது அவருடைய கட்சி.

இருபத்தெட்டு வருஷமாக மொழிப்பாடம் நடத்துகிறார். இலக்கணம் என்றால் உயிர். அதில் விடை ஒன்றுதான், வாதாட ஆள் இருக்காது. கட்டுரை பரவாயில்லை. 'கதை எழுதுக' என்று கேள்வி வந்தால் மட்டும் பேனாவை மூடி வைத்துவிடுவார். கற்பனைக்கு எந்தத் தராசைப் பிடிப்பது என்று கேட்பார். தானாக ஒரு கதை எழுதிப் பார்த்ததில்லை, அந்த ஆசையும் இருந்ததில்லை.

ஆனால் அவரிடம் வேறொரு பழக்கம் இருந்தது. யார் எதை எழுதி எங்கே போட்டிருந்தாலும் படிக்காமல் நகரமாட்டார். பஸ்ஸில் யாரோ தவறவிட்ட சாமான் பட்டியல், பக்கத்து சீட்டுக்காரரின் மருந்துச் சீட்டு, பொட்டலம் கட்டிவந்த பழைய கணக்குத் தாள், எதுவும் தப்பாது. அவருடைய அக்கா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வுபெற்று இவர்களோடுதான் இருக்கிறார். "எமன் வந்து நின்னாலும் இவ அவன் கையில இருக்கிற ஓலையை வாங்கி, ரெண்டு பிழையைத் திருத்திக் குடுத்துட்டுத்தான் கெளம்புவா" என்பார் அக்கா. ஆயிரம் பேர் பேச்சைக் காதில் வாங்கி முப்பது வருஷம் வேலை பார்த்த அக்காவுக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. அது ரத்தத்தில் வந்தது.

அந்த வருஷம் பாடத்திட்டத்தை மாற்றினார்கள். பள்ளி இறுதித் தேர்வுக்கு ஒரு முழு நாவலைப் பாடமாக வைத்தார்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே சின்ன விடுதி ஒன்றை நடத்துகிற அம்மாளின் கதை அது. ஒரு நாள் காலையில் ஒருவன் வந்து அறை எடுக்கிறான். ஒரு தகரப் பெட்டியை வைத்துவிட்டு, சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று போகிறவன் பதினோரு வருஷம் வரவில்லை. விடுதியில் யார் யாரோ வந்து போகிறார்கள், பெட்டி மட்டும் ஏழாம் நம்பர் அறையில் கிடக்கிறது. கடைசி அத்தியாயத்தில் தலை நரைத்துத் திரும்பி வருகிறான். சாவியை அவள் கையிலேயே கொடுத்து, நீங்களே திறந்துவிடுங்கள் என்கிறான். அவள் குனிந்து சாவியைப் பூட்டில் நுழைக்கிறாள். அத்தோடு நாவல் முடிந்துவிடுகிறது.

தேர்வின் கடைசிக் கேள்வி ஒரே வரி: 'நாவல் முடிந்த இடத்திலிருந்து அடுத்த காட்சியை எழுதுக.' இருபது மதிப்பெண்.

கேள்வித்தாளைப் பார்த்ததும் டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். திருத்துகிற பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

திருத்தும் முகாம் ஒரு பெரிய பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே வரிசையாக மேசைகள், மேசைக்கு ஐந்து பேர். ஜன்னல்கள் எல்லாம் கூரையை ஒட்டி இருந்ததால் வெளியே பார்த்துப் பொழுதுபோக்க வழியில்லை. விடைத்தாள்களில் பெயரும் இருக்காது, பள்ளியும் இருக்காது, ஒரு எண் மட்டும்தான். டீச்சருக்கு ஒன்பதாம் மேசை கிடைத்தது.

முதல் நாள் யாரையும் திருத்த விடவில்லை. ஒரே விடைத்தாளை எல்லாருக்கும் நகலெடுத்துக் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். கதையின் தொடர்ச்சிக்கு ஆறு, பாத்திரங்களின் இயல்புக்கு ஆறு, நடைக்கு ஐந்து, பிழையில்லாமைக்கு மூன்று. அந்தத் தாளில் விடுதிக்காரம்மா பெட்டியைத் திறந்ததும் உள்ளே இருந்த குண்டு வெடித்து எல்லாரும் இறந்துபோகிறார்கள். கூடத்தில் இருந்தவர்கள் போட்ட மதிப்பெண்கள் நாலிலிருந்து பதினேழு வரைக்கும் இருந்தன.

"பதினேழு போட்ட மகராசன் யாரு?" என்று கேட்டார் தலைமைத் திருத்துநர். உயரமான மனிதர், அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறவர்.

"பிழையே இல்லை சார்," என்று பின் மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "வெடிக்கிறதை நல்லா வெடிச்சிருக்கான்."

டீச்சர் ஏழரை போட்டிருந்தார்.

இரண்டாம் நாள் உண்மையான கட்டுகள் வந்தன. கையில் சிவப்புப் பேனாவோடு கடுகடு என்று உட்கார்ந்தவர், பத்துத் தாள் தாண்டுவதற்குள் தன்னை அறியாமல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு தாளிலும் பெட்டியில் வேறு வேறு சாமான் இருந்தது. ஒருவன் தங்கக் கட்டி வைத்திருந்தான். ஒருத்தி அனுப்பாத கடிதங்களை வைத்திருந்தாள். குழந்தையின் ஒற்றைக் காலணி, ராணுவ உடை, ஓடாத கடிகாரங்கள், மண்டை ஓடு. ஒரு பிள்ளை பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி என்று தாள் தீரும்வரை திறந்துகொண்டே போயிருந்தது. இன்னொருத்தி எழுதியதில் பெட்டி காலியாக இருந்தது. 'நான் திரும்பி வர ஒரு காரணம் வேண்டுமே என்றுதான் வைத்துவிட்டுப் போனேன்' என்கிறான் அவன். அதைப் படித்துவிட்டு டீச்சர் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதற்குப் பதினெட்டரை.

வீட்டுக்குப் போனால் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொள்வார். "இன்னைக்குப் பெட்டியில என்ன இருந்துச்சு?"

"அதெல்லாம் வெளியில சொல்லக் கூடாதுக்கா."

"யாரு எழுதினான்னா கேட்டேன்? என்ன இருந்துச்சுன்னுதானே கேக்கறேன்."

டீச்சர் இரண்டு மூன்றைச் சொல்வார். கணவர் காதில் விழாத மாதிரி கையைக் கழுவிக்கொண்டே, "பதினோரு வருஷம் திறக்காத பெட்டின்னா மொதல்ல கீல் துருப்பிடிச்சிருக்கும். சாவி போட்டா மட்டும் திறந்துடுமா? அதை யாராவது எழுதினாங்களா?" என்பார். யாரும் எழுதியிருக்கவில்லை. டீச்சருக்கே அது ஒரு குறையாகப் பட்டது.

மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு முன்பு அந்தக் கட்டு வந்தது. முப்பத்தொரு தாள்கள். முதல் தாள் இப்படித் தொடங்கியது: 'அக்கா போன பிறகும் அவள் வைத்துவிட்டுப் போன குடை சுவரில் சாய்ந்திருந்தது.'

எந்த அக்கா, எந்தக் குடை? நாவலில் அக்காவும் கிடையாது, குடையும் கிடையாது. பிள்ளை வேறு எதையோ நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறது என்று தொடர்ச்சிக்கு ஒன்றரை போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். அதிலும் குடை இருந்தது. மூன்றாவதில் பாதித் தலை நரைத்த அக்கா. நான்காவதில், 'வரமாட்டான், அதனாலதான் என்னை அனுப்பினான்' என்று அவள் சொன்ன சொல் விடுதிக்காரம்மாவின் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. ஏழாவது தாளுக்கு வரும்போது டீச்சருக்குக் கதை புரிந்துவிட்டது. பெட்டிக்காரன் வரவில்லை. அவனுடைய அக்கா வந்து சாவியைக் கொடுத்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டாள். விடுதிக்காரம்மா அந்தச் சாவியை ஏழாம் நம்பர் ஆணியில் மாட்டிவிட்டாள். முப்பத்தொரு பேரும் அதற்குப் பிறகுதான் எழுதியிருந்தார்கள்.

எதிரே இருந்த கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றார்.

"பேய் இல்லை சார். குடை."

தலைமைத் திருத்துநர் வந்து ஐந்தாறு தாள்களைப் புரட்டினார். இதில் யோசிக்க எதுவும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

"யாரோ வெளியில இருந்து சொல்லிக் குடுத்திருக்காங்க. எல்லாம் கூட்டாச் சேர்ந்து எழுதியிருக்கு. தனி உறையில போட்டு ஒட்டிடுங்க. முடிவை நிறுத்தி வெச்சுட்டு விசாரிப்பாங்க."

"அப்படி நிறுத்தினா இந்தப் பிள்ளைங்க எப்ப மேல படிக்கப் போறது?"

"ஒரு வருஷம் போகும். என்ன பண்றது?"

டீச்சர் தாள்களை அடுக்கி அவர் முன்னால் வைத்தார். "சார், காப்பியடிச்சா முடிவு ஒண்ணா இருக்கும். இங்க ஆரம்பம்தான் ஒண்ணு. அதுக்கப்புறம் முப்பத்தொரு பேரும் முப்பத்தொரு பக்கம் போயிருக்காங்க. ஒருத்தி சாவியைக் கிணத்துல போடறா. ஒருத்தன் பெட்டியை அப்படியே கொண்டுபோய் அக்கா வீட்டு வாசல்ல வெக்கறான். இது சொல்லிக் குடுத்து வந்ததில்லை. இவங்க எல்லாரும் ஏதோ ஒண்ணைப் படிச்சிருக்காங்க."

"எதை?"

"அதுதான் எனக்கும் தெரியணும்."

தலைமைத் திருத்துநர் கடிகாரத்தைப் பார்த்தார். நாளைக் காலை வரைக்கும் உறையை ஒட்டாமல் வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று டீச்சர் சாப்பிடப் போகவில்லை. கடைசிக் கேள்வியை விட்டுவிட்டு, மற்ற கேள்விகளுக்கு அந்த முப்பத்தொரு பேர் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தார். நாலாவது கேள்வி நாவலாசிரியரின் நடையைப் பற்றியது. முப்பது பேர் வழக்கமானதை எழுதியிருந்தார்கள். ஒரு தாளில் மட்டும், கோணல்மாணலான கையெழுத்தில், இப்படி இருந்தது: 'இறுதியில் மட்டும் ஆசிரியர் சிறுசிறு வாக்கியங்களாக எழுதுகிறார். முன்பு போல மழையையும் தண்டவாளத்தையும் வர்ணிப்பதில்லை. அவருக்கு ஏதோ அவசரம் போலிருக்கிறது. ஆனால் விடுதிக்காரம்மாவின் கை வலி பற்றி இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறார்.'

டீச்சர் தன் பையிலிருந்து நாவலை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தார். நாவலிலேயே நீளமான வாக்கியம் அங்கேதான் இருந்தது. ஒன்றே கால் பக்கம் ஓடியது. கை வலி என்று எங்கும் ஒரு சொல்கூட இல்லை.

அந்தத் தாளைத் தலைமைத் திருத்துநரிடம் கொண்டுபோய் நீட்டினார். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு போனை எடுத்துத் தேர்வு அலுவலகத்துக்குப் பேசினார். அந்தப் பிள்ளைகள் எந்தப் புத்தகத்தை வைத்துப் படித்தார்களோ, அதை அப்படியே கொண்டுவரச் சொல்லி, எண்களை வைத்து அலுவலகம் கண்டுபிடித்த பள்ளிக்குத் தகவல் போனது.

மறுநாள் காலையில் அந்தப் பள்ளியின் மொழி ஆசிரியர் வந்தார். கூடத்துக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள் என்பதால் வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். ஹெல்மெட்டை மடியில் வைத்துக் குழந்தையைப் பிடித்திருக்கிற மாதிரிப் பிடித்திருந்தார். பக்கத்தில் சுருள் கம்பி போட்ட ஜெராக்ஸ் பிரதி ஒன்று.

டீச்சரும் தலைமைத் திருத்துநரும் நின்றபடியே அதைப் புரட்டினார்கள். இருநூறாம் பக்கம் வரை அச்சிட்ட நாவலின் நகல். அதற்கு மேல் நான்கு பக்கங்கள் வேறு எழுத்தில், கம்ப்யூட்டரில் அடித்தவை. அக்கா, குடை, சாவி, ஆணி எல்லாம் அங்கே இருந்தன.

"இது எங்கேயிருந்து வந்தது?" என்றார் தலைமைத் திருத்துநர்.

மொழி ஆசிரியர் அதை வாங்கிப் பார்த்தார். அந்த நான்கு பக்கத்தையும் முன்னும் பின்னும் புரட்டினார். "எனக்குத் தெரியலை சார். புத்தகம் நேரத்துக்கு வரலை. எங்கிட்ட பழைய பிரதி ஒண்ணு இருந்துச்சு. அதைப் பள்ளிக்கு எதிர்ல இருக்கிற ஜெராக்ஸ் கடையில குடுத்து முப்பத்தொரு காப்பி போடச் சொன்னேன்."

"கடைசி அத்தியாயம் நடத்தும்போது பார்க்கலையா?"

"நாள் பத்தலை சார். கடைசி அத்தியாயத்தை நீங்களே படிச்சுக்கங்கன்னு விட்டுட்டேன். நான் காலேஜ்ல படிச்ச நாவல்தானே, அதுல பார்க்க என்ன இருக்குன்னு..." என்று ஹெல்மெட்டைத் தடவினார்.

அவர் பையில் கொண்டுவந்திருந்த பழைய பிரதியில் கடைசி எட்டுப் பக்கங்கள் எப்போதோ கழன்று போயிருந்தன. அதையும் அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

காப்பியடிக்கவில்லை என்பது தெளிவாகிவிட்டது. ஆனால் மதிப்பெண் எப்படிப் போடுவது? அதற்காக ஐந்து பேர் உட்கார்ந்து பேசினார்கள். நாவல் என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு, இவர்கள் எழுதியது நாவலின் தொடர்ச்சியே இல்லை, ஆறுக்குச் சைபர் என்றார் ஒருவர். பாவம் பார்த்து எல்லாருக்கும் ஆறும் போட்டுவிடலாம் என்றார் இன்னொருவர். டீச்சருக்கு இரண்டுமே பிடிக்கவில்லை.

"பாவமெல்லாம் வேண்டாம்," என்றார். "கேள்வி என்ன? நாவல் முடிஞ்ச இடத்துல இருந்து எழுதுன்னு. இவங்க கையில இருந்த நாவல் இங்க முடிஞ்சிருக்கு. இந்த நாலு பக்கத்தை வெச்சுக்கிட்டு, இதுல இருந்து சரியாத் தொடர்ந்திருக்காங்களான்னு பார்த்துப் போடுவோம். சரியில்லைன்னா குறைப்போம்."

"யாரு திருத்தறது?"

"நான் திருத்தறேன்."

மூன்றுக்கு இரண்டு என்று முடிவாயிற்று. தலைமைத் திருத்துநர் மூன்றில் ஒருவர்.

பிள்ளைகள் அந்த நான்கு பக்கத்தை ஒட்டி எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க, டீச்சர் அதைப் பன்னிரண்டு முறையாவது படிக்க வேண்டியிருந்தது. பிழை இருந்தது. 'ழ' வர வேண்டிய இடத்தில் 'ள' வந்திருந்தது. நாவலாசிரியரின் அலங்காரம் கிடையாது. ஆனால் விடுதிக்காரம்மா சாவியை ஆணியில் மாட்டக் கையைத் தூக்கும்போது தோளில் ஒரு வலி வருகிறது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு மாட்டுகிறாள். இருநூறு பக்கம் படுக்கை உதறி, வாளி தூக்கி, படி ஏறி இறங்கிய அம்மாளுக்குத் தோள் வலிக்கத்தானே செய்யும். அச்சில் வந்த நாவலில் அது ஏன் இல்லை என்று டீச்சருக்கு முதல்முறையாகத் தோன்றியது. பெயர் போடாமல் இதை எழுதிய ஆள் யார் என்பது அவரை உறங்கவிடாத கேள்வி ஆகிவிட்டது.

அக்காவிடம் பெயர் ஊர் சொல்லாமல் கதையை மட்டும் சொன்னார்.

"போய்ப் பாரு," என்றார் அக்கா.

"முகாம் முடியற வரைக்கும் போகக் கூடாது."

"முடிஞ்ச அன்னைக்குப் போ. நானும் வரேன்."

"நீ வேண்டாம். நீ வந்தா நான் பேச முடியாது."

சனிக்கிழமை மதியம் கடைசிக் கட்டில் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்தார்கள். டீச்சர் இரண்டு பஸ் மாறி அந்தத் தெருவுக்குப் போனார். மருந்துக் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவே, பஸ்ஸில் ஒரு சீட்டைவிடக் கொஞ்சம் அகலமான கடை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், கூரைவரை காகிதக் கட்டுகள். காதில் பென்சில் செருகிய ஒரு பெண், நாற்பது நாற்பத்திரண்டு வயது இருக்கும், மெஷின் மூடியைத் தூக்குவதும் தாளைத் திருப்புவதும் மூடுவதுமாக நின்றிருந்தார். தூக்கும்போதெல்லாம் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.

டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கேட்க வேண்டிய முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

"எத்தனை காப்பி?" என்றார் ஜெராக்ஸ்காரம்மா, திரும்பாமல்.

"காப்பி வேண்டாம். விடுதிக்காரம்மா நாவலுக்குக் கடைசி நாலு பக்கம் எழுதினது நீங்கதானே?"

மெஷின் மூடி பாதியில் நின்றது. "நீங்க யாரு?"

"டீச்சர். பரீட்சைப் பேப்பர் திருத்தறவ."

"புகார் வந்துடுச்சா?" ஜெராக்ஸ்காரம்மா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "பிள்ளைங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"ஒண்ணும் ஆகலை. எல்லாம் சரியாப் போச்சு. நான் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

நம்புவதற்கு அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு மெல்லச் சொன்னார். "இந்த மெஷின் பழசு. ஒரு பக்கத்தை வெச்சா முப்பத்தொரு காப்பி வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரைக்கும் சும்மா நிக்கணும். கண்ணு எங்க போகும்? அந்தப் பக்கத்துலதான் போகும். அப்படியே படிச்சேன். வேற வேலைக்கு நடுவுல ஒன்பது நாள் ஆச்சு. நான் ஒரு புத்தகத்தை முழுசாப் படிச்சது அதுதான்."

"முழுசா இல்லையே."

"ஆமா, அதானே வினை. இருநூறாம் பக்கத்துல அவ கதவு தட்டற சத்தம் கேட்டுத் திரும்பறா. அத்தோட தாள் இல்லை. வாத்தியாருக்குப் போன் பண்ணி, சார், கடைசியில பக்கம் இல்லைன்னேன். அவருக்கு என்ன அவசரமோ, இருக்கறதைப் போட்டுக் குடுங்கம்மான்னுட்டார். எனக்கு மனசு ஆறலை. பிள்ளைங்க மொட்டையா வாங்கிட்டுப் போகணுமா? கதவைத் தட்டினது யாருன்னு தெரியாம எப்படித் தூங்குவாங்க? நானே தூங்கலை. ஒரு மத்தியானம் கடையில ஆள் இல்லாதப்போ அடிச்சுட்டேன்."

"இது நீங்க எழுதினதுன்னு ஒரு வரி போட்டிருக்கலாமே."

"போட்டேங்க. கடைசிப் பக்கத்துக்கு அடியில பென்சில்ல எழுதினேன். பென்சில் இந்த மெஷின்ல வராதுங்கறது காப்பி எல்லாம் கட்டிக் குடுத்தப்புறம்தான் உறைச்சுது."

டீச்சர் சிரித்துவிட்டார். ஜெராக்ஸ்காரம்மாவும் கொஞ்சம் சிரித்தார். டயர் கடைப் பையன் இரண்டு டீ வாங்கிவந்து கொடுத்தான்.

"ஒண்ணு கேக்கறேன்," என்றார் டீச்சர். "அவ்வளவு எழுதினீங்களே, பெட்டியைத் திறந்திருக்கலாமே. ஏன் திறக்கலை?"

"உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாதே. தெரியாததை எப்படி எழுதறது?"

இருபத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒரு பதிலை எந்த வகுப்பிலும் டீச்சர் கேட்டதில்லை. டீயை ஆற்றிக் குடித்தார்.

"நீங்க பேப்பர் திருத்தறவங்க," என்றார் ஜெராக்ஸ்காரம்மா, குரலைத் தாழ்த்தி. "என்னுதுக்கு எவ்வளவு போடுவீங்க?"

ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் டீச்சருக்கு அந்தப் பழக்கம் இல்லை. பையிலிருந்து தாள் ஒன்றை எடுத்து அந்தப் பையின் மேலேயே வைத்துக் கணக்குப் போட்டார். "தொடர்ச்சிக்கு நாலு. பெட்டி வெச்சவன் வராம அக்கா வர்றான்னா, அக்கா இருக்கான்னு முன்னாடியே எங்கேயாவது தெரிஞ்சிருக்கணும். பாத்திரத்துக்கு அஞ்சரை. அந்தத் தோள் வலியை எழுத வேற யாருக்கும் வராது. நடைக்கு மூணு. பிழைக்கு ஒண்ணுதான். ழகரம் எல்லாம் ளகரமா இருக்கு. ஆக பதிமூணரை."

"பதிமூணரையா?" அவருக்கு வருத்தமா சந்தோஷமா என்று தெரியவில்லை. "அஞ்சரையில அரை எதுக்குப் போச்சு?"

"அக்கா குடையை மறந்துட்டுப் போறா. பதினோரு வருஷத்துக் காரியத்துக்கு வந்தவ மறப்பாளா?"

"மறக்கலைங்க. வேணும்னே வெச்சுட்டுப் போறா. தம்பி பெட்டியை வெச்ச மாதிரி."

டீச்சர் பேனாவைத் தாளின் மேல் பிடித்தபடி யோசித்தார். முப்பத்தொரு பிள்ளைகளில் நாலு பேர் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். அதை வேடிக்கையான கற்பனை என்று நினைத்து அவர் தாண்டிப் போயிருந்தார். "அதைப் பக்கத்துல எழுதலையே நீங்க," என்றார்.

"எழுதினா நல்லாவா இருக்கும்?"

டீச்சர் ஐந்தரையை அடித்துவிட்டு ஆறு என்று எழுதினார். பிறகுதான் அவருக்கு உறைத்தது. "ஆமா, நிஜமாவே கதவைத் தட்டினது யாருன்னு இன்னும் உங்களுக்குத் தெரியாதா?"

"யாரைக் கேக்கறது? வாத்தியார்கிட்ட கேக்கப் பயம்."

டீச்சர் பையிலிருந்து நாவலை எடுத்து இருநூற்று ஒன்றாம் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தார். ஜெராக்ஸ்காரம்மா ஸ்டூலை விட்டு எழுந்தார். மெஷினில் சாய்ந்து, அதன் மூடிமேல் புத்தகத்தை வைத்து, விரலால் வரியைப் பிடித்துக்கொண்டு படித்தார். ஒரு கல்லூரிப் பெண் வந்து நின்றாள். ஒரு பெரியவர் ஏதோ படிவத்தோடு வந்தார். "கொஞ்சம் இருங்க, படிச்சுட்டிருக்காங்க," என்று டீச்சரே அவர்களை நிறுத்தி வைத்தார். பெரியவர், கடையில் வந்து படிக்கிறதா என்று முணுமுணுத்தார். ஆனால் போகவில்லை.

எட்டுப் பக்கமும் முடிந்ததும் ஜெராக்ஸ்காரம்மா தாளைத் திருப்பிப் பார்த்தார். அட்டைதான் இருந்தது.

"இவரும் திறக்கலையா?"

"இல்லை."

"இவருக்கும் தெரியாது போல," என்று சொல்லிவிட்டுப் பெரியவரின் படிவத்தை வாங்கிக்கொண்டார்.

தேர்வு முடிவுகள் உரிய நாளில் வந்தன. அந்த முப்பத்தொரு பேரில் யாருடைய முடிவும் நிறுத்தி வைக்கப்படவில்லை. மொழி ஆசிரியருக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் போனது. அவர் நடந்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்து, கண்டிப்போடு தப்பினார். நடை மாறியதைக் கண்டுபிடித்த பிள்ளை யார் என்று டீச்சருக்குக் கடைசிவரை தெரியவில்லை. எண்ணை வைத்துத் தேடியிருக்கலாம்தான். தேடவில்லை. அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் போட்டிருந்தார், அது போதும் என்று விட்டுவிட்டார்.

விடுமுறை முடிகிற சமயத்தில் டீச்சர் வீட்டுக்கு ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே ஏழு பக்கங்கள், கம்ப்யூட்டரில் அடித்தவை. அவை எந்த நாவலிலும் காணாமல் போன பக்கங்கள் அல்ல. ஒரு கடையில் யாரோ நகலெடுக்கக் கொடுத்துவிட்டுத் திரும்ப வந்து வாங்காத சான்றிதழ் ஒன்றைப் பற்றிய கதை. அதில் இருந்த பெயரைத் தேடி, கடைக்காரப் பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள். 'ழ' எல்லாம் சரியாக இருந்தது.

டீச்சர் நின்றபடியே படித்தார். அக்கா பின்னால் வந்து தோளுக்கு மேல் எட்டிப் படித்தார். ஏழாம் பக்கத்தின் கடைசி வரியில் அந்தப் பெண் ஒரு வீட்டு மணியை அடிக்கிறாள். உள்ளேயிருந்து யாரோ வருகிற காலடிச் சத்தம் கேட்கிறது. அதற்கு மேல் தாள் இல்லை.

"எங்கே மிச்சம்?" என்றார் அக்கா.

டீச்சர் உறையைத் தலைகீழாக உதறிப் பார்த்துவிட்டு, அதன்மேல் இருந்த கடை எண்ணுக்குப் போன் செய்தார். எதிர்முனையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"அப்புறம் என்ன ஆச்சு? உள்ளேயிருந்து வந்தது யாரு?"

"அதைத்தாங்க யோசிச்சுக்கிட்டிருக்கேன்," என்றார் ஜெராக்ஸ்காரம்மா. "கடையில கூட்டம். சாயங்காலமாக் கூப்பிடறேன்."